சாவுக்கு மட்டும் லீவு

கிள்ளான்,
12 ஜனவரி 1936

அன்புள்ள அக்கா இராஜம்மாவுக்குத் தம்பி அய்யாவு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் நாற்றத்தோடு நலம். அவ்விடம் நீயும் அத்தானும் வாசனையோடு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோகாதே. எட்ட வைத்துப் படி. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒட்டுப்பால் பேருக்கேற்ற பண்டம், ஒட்டினால் ஒட்டியதுதான். ரப்பர் மரப்பட்டையில் காய்ந்து கிடப்பதையெல்லாம் தோட்டங்களில் சுரண்டி மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். கிள்ளானுக்கு வந்து சேருவதற்குள் அது அழுகிப்போகும். நாங்கள் அதைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, பட்டை, மண், எறும்பு எல்லாவற்றையும் விரலால் பிடுங்கவேண்டும். நேற்று ஒரு கட்டிக்குள் முழு எலி இருந்தது. வால் மட்டும் வெளியே. இழுத்தேன், வால் மட்டும் வந்தது. அதற்குப் பிறகு மத்தியானச் சோற்றை நாய்க்கு வைத்தேன். நாய் என் கையை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது.

வேறு வேலை தேடுகிறேன் அக்கா. போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூருக்கு வந்து பத்து ரோடு என்கிற அந்தக் கடைத்தெரு முழுக்க நடந்தேன். எல்லாக் கதவும் பூட்டு. எனக்கு ஞாயிறுதான் லீவு. வேலை கொடுக்கிறவனுக்கும் ஞாயிறுதான் லீவு. நாங்கள் இருவரும் எந்த ஜென்மத்தில் சந்திப்பது?

கங்காணியிடம் வாரநாளில் லீவு கேட்கலாம் என்பாய். முருகனுக்கு வேல் ஆயுதம். எங்களை வேலை வாங்கும் வேலாயுதம் கங்காணிக்கு வேலைதான் ஆயுதம். காய்ச்சல் என்றால், "வேர்த்தா சரியாப் போவும், மூட்டையைத் தூக்குடா" என்பார். கல்யாணம் என்றால், "உனக்கா? இல்லேல்ல? அப்போ தூக்கு" என்பார். சாவுக்கு மட்டும் லீவு உண்டு. அந்த ஒரு விஷயத்தில் மனுஷர் மகா மரியாதைக்காரர். துண்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுத்தான் பேசுவார்.

அத்தானிடம் சொல்லி ஏதாவது பார்க்கச் சொல். ரயிலில் எனக்கு மட்டும் ஒரு பெஞ்சு முழுவதும் இடம் விடுகிறார்கள். எங்கள் சீன முதலாளி தௌக்கேக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

இப்படிக்கு, தூரத்திலேயே நிற்கும் தம்பி,
அய்யாவு

—

பிரிக்பீல்ட்ஸ்,
20 ஜனவரி 1936

தம்பி அய்யாவுக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே இருவரும் சுகம். மழையில் பின்சுவர் ஊறியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. நீ நாய்க்குச் சோறு வைக்காமல் நீயே சாப்பிடு.

அத்தானிடம் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். ஆனால் ஒன்று. அடுத்த வேலை கையில் வரும் வரைக்கும் இருக்கிற வேலையை விடக்கூடாது. ரயில்வேயில் ஆட்களைக் குறைத்த வருஷத்தில் உன் அத்தான் வீட்டோடு உட்கார்ந்திருந்தார். நீ அப்போது கோலி விளையாடிக்கொண்டிருந்தாய். சாயங்காலம் ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். அது உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

நாற்றத்தால் யாரும் செத்ததில்லை. கங்காணியிடம் வாய் காட்டாதே.

உன் அக்கா,
இராஜம்மா

—

கிள்ளான்,
16 பிப்ரவரி 1936

அன்புள்ள அக்காவுக்கு, அய்யாவு எழுதியது. உடம்புக்குக் குறைவில்லை, மனதுக்குத்தான். உங்கள் பின்சுவர் காய்ந்ததா?

இங்கே கிள்ளானிலேயே ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் கொடுக்கப் பையன் வேண்டும் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டேன். வீண் அப்பம் ஆகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஓட்டமாய் ஓடினேன். அங்கே என்னைப் போல முப்பது பேர், எல்லாரும் எங்கேயோ வேலையில் இருப்பவர்கள், எல்லாரும் வயிற்றுவலிக்காரர்கள் போல முகத்தை மறைத்துக்கொண்டு நின்றார்கள். என் முறை வந்ததும் பேர் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா, அந்தக் கிராணி, கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார்.

"இப்போ எங்கே வேலை?"

"ஒட்டுப்பால் கொட்டகையில ஐயா."

"அது சொல்லாமலே தெரியுது. ஏன் விட்டுட்டு வர்றே?"

"அதுவும் சொல்லாமலே தெரியணுமே ஐயா."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கிராணி சிரிக்கவில்லை. "உன் முதலாளிகிட்ட நற்சாட்சிப் பத்திரம் வாங்கிட்டு வா, அப்புறம் பேசு" என்றார். பார்த்தாயா அக்கா? கங்காணி முன்னால் போய் நின்று, "ஐயா, உங்களை விட்டு ஓடப்போகிறேன், நான் ரொம்ப விசுவாசமானவன் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கவேண்டுமாம். விசுவாசமானவன் ஓடுவானா? ஓடுகிறவனுக்குத்தானே பத்திரம் வேண்டும்? இதைக் கண்டுபிடித்த புண்ணியவானை எங்கள் தொட்டியில் ஒரு முழுக்குப் போடச் சொல்லவேண்டும்.

திரும்பி வரத் தாமதமாகிவிட்டது. வாசலில் எப்போதும் வேலைக்கு ஆள் காத்திருக்கும். கங்காணி அதில் ஒருவனைக் கூப்பிட்டு என் இடத்தில் உட்கார வைத்திருந்தார். நான் கெஞ்சினேன். நான், அக்கா! அந்த எலித்தொட்டிக்குத் திரும்பிப் போவதற்குக் கையைக் கட்டிக்கொண்டு கெஞ்சினேன். எந்த வேலையைக் கண்டால் குமட்டுகிறதோ அதையே பிச்சை கேட்டு வாங்கினேன். அந்தக் காத்திருந்த ஆள் எழுந்து போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுதத் தெரியவில்லை.

பக்கத்துத் தொட்டி மாரியாயி அம்மாதான் எனக்காகப் பேசினாள். "சின்னப் பய, வயித்துவலியாம், விடுங்க கங்காணி" என்றாள். எனக்கு வயிற்றுவலி என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. தன் மூக்குப்பொடி டப்பி மேல் சத்தியம் செய்து அவளே கட்டிய கதை.

அத்தானிடம் கேட்டாயா?

அவசரக்காரத் தம்பி,
அய்யாவு

—

பிரிக்பீல்ட்ஸ்,
2 மார்ச் 1936

தம்பிக்கு அக்கா எழுதுவது. நலமே. கெஞ்சி வாங்கியதில் தப்பில்லை. வேலை இருக்கிறதே, அதுதான் முக்கியம்.

நல்ல சேதி. பத்து ரோட்டில் மருந்துச் சாமான் இறக்குமதி செய்யும் கம்பெனியில் சாமான் அடுக்க ஆள் எடுக்கிறார்கள். அங்கே பெரிய கிராணி நம்மவர். அத்தான் கோயிலில் பார்த்துச் சொல்லி வைத்திருக்கிறார். பத்திரம் கேட்கமாட்டார். பதினோராம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு நீயே நேரில் போகவேண்டும். அத்தானின் வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்கு அவரே கொண்டுவருவார். அங்கேயே குளித்து மாற்றிக்கொள்.

கங்காணியிடம் எப்படி லீவு வாங்குவாய்? யோசித்துச் செய். ஏடாகூடமாக எதுவும் வேண்டாம்.

இராஜம்மா

—

கிள்ளான்,
15 மார்ச் 1936

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நான் நலம். உன் நலம், அத்தான் நலம், இரண்டையும் இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், பதிலில் எழுது.

லீவு எப்படி வாங்குவாய் என்று கேட்டிருந்தாய். சாவுக்கு மட்டும் லீவு உண்டு என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஆகவே ஒருவர் சாகவேண்டியிருந்தது. யார் என்று கேட்காதே. காற்றில் செய்த கொலை, ரத்தம் சிந்தவில்லை.

ஆனால் இந்த ஜனங்கள் இருக்கிறார்களே! கங்காணி துண்டை இறக்கினார். "எப்படிடா? எத்தனை வயசு?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று வயதுகூட வரவில்லை. மாரியாயி அம்மா தொட்டியிலிருந்து கையை எடுத்து, கழுவாமலே என் தலையைப் பிடித்து மார்பில் வைத்துக்கொண்டாள். மூச்சுமுட்டிப் போனேன். மறுநாள் காலையில் ரயிலுக்குப் புறப்படும்போது கொட்டகை ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கொண்டுபோய்க் கொடுக்கவேண்டுமாம், அதுதான் முறையாம். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அந்தப் பொட்டலத்தோடுதான் பத்து ரோட்டுக்குப் போனேன். வைத்துவிட்டுப் போக இடம் தெரியவில்லை. பெரிய கிராணி நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், சட்டையைப் பார்த்துச் சிரித்தார், பொட்டலத்தைப் பார்த்து, "அது என்ன தம்பி?" என்றார். காகிதம் ஓரத்தில் கிழிந்திருந்தது. அவ்வளவுதான். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "வேலை கேட்டு வர்ற வாசல்லயா இதைக் கொண்டுவந்தே? போ, போயிட்டு வா" என்றார். வா என்றார், எப்போது என்று சொல்லவில்லை. வெளியே வந்ததும் உள்ளே தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது.

உலகத்தில் வாய் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன் என்று நினைத்திருந்தேன். அங்கே கும்பிட்டுவிட்டு வந்ததுதான் மிச்சம். திரும்பும்போது பொட்டலத்தைப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டுக் கிள்ளானில் இறங்கிக்கொண்டேன். அது ரயிலோடு துறைமுகத்துக்குப் போயிருக்கும்.

தோற்றுப்போன தம்பி,
அய்யாவு

—

பிரிக்பீல்ட்ஸ்,
18 மார்ச் 1936

தம்பிக்கு. நாங்கள் நலம். அத்தானுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஏன் அப்படிக் கேட்டாய்?

ஸ்டேஷனில் சட்டை கொடுக்க வந்தபோது நீ அவர் முகத்தை ஒரே தடவைதான் பார்த்தாயாம். "உன் தம்பி என்னைப் பேயைப் பார்த்த மாதிரி முழிச்சான்" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மலேயாவில் நமக்கு இருக்கிற உறவு எத்தனை பேர்? யாரைச் சொன்னாய்? பொட்டலத்தில் என்ன இருந்தது? இரண்டுக்கும் பதில் எழுது. விளையாட்டு வேண்டாம்.

இராஜம்மா

—

கிள்ளான்,
29 மார்ச் 1936

அன்புள்ள அக்காவுக்கு. நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதிவிட்டேன், உனக்கொன்று, அத்தானுக்கொன்று, பின்சுவருக்கொன்று.

செத்தது ஒரு தூரத்துச் சொந்தம். எவ்வளவு தூரம் என்றால் எனக்கே யாரென்று தெரியாத தூரம். பொட்டலத்தில் பழம். வாழைப்பழத்தைக் கண்டால் பயப்படுகிற கிராணி அவர், என்ன செய்ய?

கொட்டகையில் இப்போது என்னை ராஜாபோல் வைத்திருக்கிறார்கள். கங்காணி என்னை மூட்டை தூக்க விடுவதில்லை. மாரியாயி அம்மா தூக்கில் கஞ்சி கொண்டுவந்து, "சாப்பிடுடா, இனி உன் அக்காவுக்கு" என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொள்கிறாள். முன்பு நாற்றம் மட்டும்தான் சகிக்கவில்லை. இப்போது இவர்கள் இரக்கமும் சகிக்கவில்லை. திட்டினால் திருப்பி மனதுக்குள்ளாவது திட்டலாம். கஞ்சி கொடுப்பவளை என்ன செய்வது?

சீக்கிரம் வேறு இடம் பாருங்கள். எதுவானாலும் சரி.

அய்யாவு

—

பிரிக்பீல்ட்ஸ்,
4 மே 1936

தம்பி அய்யாவுக்கு அக்கா எழுதுவது. நான் நலம். உன் அத்தான் நலம். இதை இன்னொரு முறை படி: உன் அத்தான் நலம்.

நேற்று மாரியாயி என்கிற அம்மாள் இரண்டு பெண்களோடு துக்கம் கேட்க வந்திருந்தார். கோயிலுக்கு வந்த இடத்தில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். வந்த துக்கத்தை வாங்கிக்கொண்டேன்.

வேலைக்கு ஒழுங்காகப் போ. பதில் வேண்டாம்.

இராஜம்மா

—

கிள்ளான்,
10 மே 1936

அக்காவுக்கு.

பதில் வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று என் கதை முடிந்தது என்று நினைத்தேன். கங்காணி கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார், மாரியாயி அம்மா காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் தொட்டியருகே உட்கார்ந்து எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ரயில்வே வரிசை வீடுகள்ல எதுன்னு தெரியல. தண்ணிப் பைப்புகிட்ட ஒரு மனுசன் நின்னாரு. 'ஐயா, செத்துப்போன தம்புசாமி வீடு எது?'ன்னு கேட்டேன். பாவம், நல்ல மனுசன், குடம் கையில அப்படியே நின்னுட்டாரு. ஊருக்கே வேண்டப்பட்டவரா இருந்திருப்பாரு போல, செத்தவரு. 'யார் சொன்னது?'ன்னாரு. 'அவரு மச்சான் அய்யாவு எங்க கூடத்தான் வேலை, நாங்கதான் கோடித் துணி எடுத்துக் குடுத்தோம்'னேன். குடத்தைக் கீழ வச்சாரு. அப்புறம், 'இங்கேயே இருங்கம்மா, நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்'னு முன்னால போனாரு. நாங்க போனப்ப அவரைக் காணோம். அந்தப் பொண்ணு மட்டும் உள்ளாற இருட்டுல உக்காந்திருந்துச்சு. நெத்தி வெறிச்சுன்னு. தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு, கழுத்து தெரியாம முந்தானையைப் போத்திக்கிட்டு. கட்டிப்பிடிச்சு அழுதோம். அது அழவே இல்ல. கல்லு மாதிரி இருந்துச்சு. 'தாய்வீட்டுக் கோடி வந்துச்சாம்மா?'ன்னேன். தலையை மட்டும் ஆட்டுச்சு. கடைசியில ஒரே ஒரு வார்த்தை சொல்லுச்சு: 'தம்பியைப் பாத்துக்குங்க'ன்னு."

எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். கங்காணி துண்டை இறக்கினார்.

ஆமாம் அக்கா. நான் சொன்ன சாவு அத்தானுடையது. முதலில் வாயில் வந்தது அவர்தான். மலேயாவில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? பொட்டலத்தில் பழம் இல்லை. புருஷன் செத்தவளுக்குப் போடுகிற வெள்ளைக் கோடி, உனக்கென்று இவர்கள் எடுத்துக் கொடுத்தது. சொந்தத் தம்பியே கையில் ஏந்தி ரயிலில் கொண்டுவந்தேன், வேலைக்கு மனுப் போட.

அத்தான் தன் சாவுக்குத் தானே வழி சொல்லியிருக்கிறார். நீ உயிரோடிருக்கும் புருஷனைப் பின்பக்கம் அனுப்பிவிட்டு, பொட்டை அழித்து, பூவை எடுத்து, தாலியை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். எதற்கு? இந்த எலித்தொட்டி வேலை எனக்குப் போய்விடக்கூடாது என்று.

இவ்வளவு நாளும் கொட்டகையைப் பார்த்து அருவருத்தேன். கிராணிகளைப் பார்த்து அருவருத்தேன். நேற்று மத்தியானம் தொட்டித் தண்ணீரில் என் முகம் தெரிந்தது. வேறு பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

அத்தானிடம் சொல். என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஏதாவது சொல்.

அய்யாவு

—

பிரிக்பீல்ட்ஸ்,
12 ஜூலை 1936

தம்பிக்கு. நலம்.

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை நெற்றிக்குப் போகிறது, பொட்டு இருக்கிறதா என்று. அத்தான் கேலி செய்கிறார். "செத்தவன் சொல்றேன், விடு" என்கிறார். அவருக்கு எல்லாம் விளையாட்டு, உன்னைப் போல.

கூட்ஸ் கொட்டகையில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்ட ஒரு ஆள் வேண்டும். அத்தான் தம் மேலதிகாரியிடம் பேசிவிட்டார். இருபதாம் தேதி திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் ஆளை நேரில் பார்க்கவேண்டுமாம். இன்னும் இருவர் வருகிறார்கள், ஆகவே நிச்சயம் என்று சொல்லமுடியாது. கிடைக்கும் வரை அங்கே வேலையை விடாதே.

லீவுக்கு என்ன செய்வாய் என்று யோசிக்காதே. இந்தத் தடவை அக்கா செத்துவிட்டாள் என்று சொல். எனக்கு ஆட்சேபணை இல்லை. பாதி செத்துப் பழக்கமாகிவிட்டது.

இராஜம்மா

—

கிள்ளான்,
18 ஜூலை 1936

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி அய்யாவு எழுதிக்கொண்டது. நான் நலம். நீ நலம். அத்தான் நலம். இதை இன்று காலையில் ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கங்காணியிடம் போனேன். "திங்கக்கிழமை லீவு வேணும்" என்றேன்.

துண்டு தோளிலிருந்து இறங்கிவிட்டது. "யாருடா?"

"யாருமில்ல கங்காணி. வேற வேலை பார்க்கப் போறேன்."

நம்பவில்லை அக்கா! அவர் ஆயுசில் எவனும் அந்த முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னதில்லை. என் தோளில் கை வைத்தார். "டேய், மறைக்காதடா. அக்காவா? புருசன் போன ஏக்கத்துல படுத்துருச்சா?" என்றார். அதற்குள் மாரியாயி அம்மா, "ஐயோ, அந்தக் கல்லு மாதிரி உக்காந்திருந்த பொண்ணா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மற்றப் பெண்களும் எழுந்தார்கள். கங்காணி, "போயிட்டு வாடா, உன் இடம் இருக்கும், எத்தனை நாளானாலும் வேற ஆளை உக்கார விடமாட்டேன்" என்றார்.

நான் பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். லீவும் உண்டு, வேலையும் உண்டு, நீ சொன்னபடியே எல்லாம் உண்டு. கொஞ்ச நேரம் சும்மாதான் நின்றேன் அக்கா. அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். மாரியாயி அம்மா ஒப்பாரிக்கு வாயைத் திறந்து உன் பேரை இழுத்தாள். "ராசம்மா" என்று. அந்த ஒரு சொல்லுக்கு மேல் கேட்க முடியவில்லை.

"எங்கக்கா நல்லா இருக்கு! அத்தானும் நல்லா இருக்காரு! யாரும் சாவல, எப்பவும் சாவல!" என்று கத்தினேன். "பைப்புகிட்ட உங்களுக்கு வழி சொன்னாரே, அவருதான் தம்புசாமி!"

மாரியாயி அம்மா வந்தாள். தொட்டிக் கையோடு ஓங்கி ஓர் அறை. ஒட்டுப்பால் துணுக்கு கன்னத்தில் அப்பிக்கொண்டது. நான் துடைக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்போ அந்தப் பொண்ணு உனக்காகவா பொட்டை அழிச்சுச்சு?"

ஊருக்கெல்லாம் பதில் சொல்கிற வாய் எனக்கு. தலையைத்தான் ஆட்டினேன்.

கங்காணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து ஒரு ஆளைக் கூப்பிட்டார். இந்தத் தடவை நான் கெஞ்சவில்லை. உள்ளே வந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு என் இடத்தில் உட்கார்ந்தான். கோடித் துணிக்கு ஈடாக என் இந்த மாதச் சம்பளத்தை மாரியாயி அம்மாவிடம் கொடுத்துவிடும்படி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே இருக்கிற வேலை போய்விட்டது, இல்லாத வேலை இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மற்ற இருவரில் ஒருவனுக்குக் கிடைத்தால் உன் வீட்டில் சாயங்காலம் முகம் பார்க்காத ஆள் இன்னொருவனாக நான் உட்கார்ந்திருப்பேன். அதற்கு நீ திட்டலாம், அத்தான் அடிக்கலாம்.

இன்றைய ரயிலில் வரும் ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், நாளை ரயிலில் நான் வருகிறேன். ஸ்டேஷனுக்குச் சட்டை வேண்டாம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கதவைத் திறக்கும்போது பொட்டு வைத்துக்கொண்டு திற. திட்டுவதை அப்புறம் திட்டு.

இப்படிக்கு,
உன் தம்பி அய்யாவு